அடங்காத குழந்தையும் அதன் மொழியும்: ஒரு வரலாற்று நோக்கு

வளர்ச்சிக் குறைபாட்டுடன் பிறந்த சிறு குழந்தை ஒன்று தன் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறது. தன் கையைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறது. அருகில் வருவோரை அடிக்கிறது. காரணம் ஏதுமில்லை என்று மற்றவர் எண்ணும் வேளையில் ஓலமிடுகிறது. இத்தகைய நடத்தையை மாற்றுவது எவ்வாறு என்னும் கேள்வி மருத்துவரையும் உளவியலாரையும் சிறப்பாசிரியரையும் சார்ந்தது என்றே நாம் பொதுவாகக் கருதிவருகிறோம். ஆயினும் சென்ற ஐந்து நூற்றாண்டுகளில் இக்கேள்விக்கு அளிக்கப்பட்ட விடைகளைத் தொடர்ந்து நோக்குவோமாயின், அவற்றுள் சிலவற்றை அளித்தவர்கள் இறையியலார் என்பதும், இக்குழந்தைகளுக்கென்று காப்பகங்களை எழுப்பியவர்களுள் ஆயர்கள் பலர் இருந்தனர் என்பதும் தெரியவரும். எனவே இது நம்முடைய வரலாறுமாகும். அதில் நாம் பெருமைகொள்ளத்தக்க பக்கங்களும் உள. திருப்ப விரும்பாத பக்கங்களும் உள.

1980-களில் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் இந்நடத்தைக்கு ஒரு புதுப்பெயர் வழக்கிற்கு வந்தது. முரட்டு நடத்தை, கோளாறான நடத்தை என்றெல்லாம் அழைத்துவந்ததை விடுத்து, 'சவாலான நடத்தை' என்றனர். சவால் என்பது குழந்தையின் உள்ளே இருக்கும் ஒரு பொருளன்று. அது பேணுவோருக்கும் பள்ளிக்கும் நிறுவனத்துக்கும் விடுக்கப்படுவது என்பதே அப்பெயரை முன்வைத்தோரின் கருத்து. பெயரை மாற்றியதாலேயே மனம் மாறிவிட்டது என்று நாம் கூறத் துணியோம். சில ஆண்டுகளுக்குள் அப்பெயரும் முந்தைய பெயர்களைப் போலக் குழந்தையின்மேல் ஒட்டப்படும் முத்திரையாயிற்று. எனினும் அப்பெயருக்குப் பின்னால் நெடிய மனமாற்றம் ஒன்று இருந்தது. 'இதை அடக்குவது எப்படி' என்ற கேள்வியிலிருந்து 'இதன்மூலம் குழந்தை கேட்பது என்ன' என்ற கேள்விக்கு மனிதர் வந்துசேர்ந்த வழியையே இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

டெஸ்ஸாவ் நகரத்துச் சிறுவன்

மார்ட்டின் லூத்தரின் மேசை உரையாடல்கள் என்னும் தொகுப்பில் நாம் எளிதில் கடந்துபோக முடியாத பகுதி ஒன்று உண்டு. ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் தாம் கண்டதாக, ஏறத்தாழ பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி லூத்தர் பேசுகிறார். அவன் பல உழவர் உண்ணும் அளவு உண்டான். உண்பதும் கழிப்பதுமன்றி வேறெதுவும் செய்யவில்லை. எவரேனும் தொட்டால் அலறினான். வீட்டில் தீங்கு நேர்ந்தபோது சிரித்தான். நன்மை நேர்ந்தபோது அழுதான். அக்கால மக்கள் நம்பிக்கையின்படி இவன் மெய்யான பிள்ளையன்று. மெய்யான பிள்ளையைக் கவர்ந்துகொண்டு அதனிடத்தில் பிசாசு வைத்துச்சென்ற போலி. லூத்தரும் அவ்வாறே கருதினார். ஆன்மா இல்லாத சதைப்பிண்டம் என்று அவனைக் குறித்தார். தமக்கு அங்கே அதிகாரம் இருந்திருப்பின் அவனை முல்டே ஆற்றில் எறியச் செய்திருப்பேன் என்று கோமான்களிடம் கூறியதாகவும் பதிவாகியுள்ளது.

கோமான்கள் இணங்கவில்லை. அப்படியாயின் அப்பிசாசை அகற்றும்படி தேவாலயத்தில் பரமண்டல ஜெபம் சொல்லப்படட்டும் என்று லூத்தர் ஆலோசனை கூறினார். அவ்வாறே நாள்தோறும் ஜெபிக்கப்பட்டது. மறு ஆண்டில் சிறுவன் இறந்தான் என்று அக்குறிப்பு முடிகிறது.

வரலாற்று மாணவர் இங்கே சில எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ளல்வேண்டும். மேசை உரையாடல்கள் லூத்தர் தம் கையால் எழுதியவை அல்ல. உடனிருந்து உண்ட மாணவரும் நண்பரும் எடுத்த குறிப்புகள். இப்பேச்சு 1540-ஆம் ஆண்டைச் சார்ந்தது. அவுரிஃபாபர் இத்தொகுப்பை அச்சேற்றியது 1566-இல், அதாவது லூத்தர் இறந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின். படிக்குப் படி வேறுபாடுகளும் உள. ஆயினும் இவ்வெச்சரிக்கைகளைச் சுவராக எழுப்பி அதன் பின்னே நாம் ஒளிந்துகொள்ளல் முறையன்று. மாபெரும் சீர்திருத்தவாதியின் வாயிலிருந்து வந்ததாக அவரை நேசித்தவர்களே பெருமையுடன் பதிவுசெய்த சொற்கள் இவை.

இப்பகுதியை நாம் இரண்டு காரணங்களுக்காக இங்கே எடுத்துரைத்தோம். முதலாவது, இது சிறுவனின் நடத்தைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூறும் ஒரு பட்டியல். அடங்காத உணவுவேட்கை, தொடுதலைப் பொறாமை, சூழலுக்கு ஒவ்வாத சிரிப்பும் அழுகையும் ஆகிய இவை இன்றும் ஒரு தாய் மருத்துவரிடம் கூறும் குறைகளே. தொட்டால் அலறுகிறானே, அத்தொடுதல் அவனுக்கு எவ்வாறு இருக்கிறது என்று மட்டும் அங்கே எவரும் வினவவில்லை. விளக்கம் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தது. விளக்கம் இருந்தபடியால் வினாவுக்கு இடமில்லாமற் போயிற்று. இரண்டாவது, அங்கே ஏறெடுக்கப்பட்ட ஜெபம் அச்சிறுவனுக்காக ஏறெடுக்கப்பட்டதன்று; அவனுக்கு எதிராக ஏறெடுக்கப்பட்டது. இறையியல் கல்வியில்லாத கோமான்களின் மனச்சாட்சி அன்று பேராசிரியரின் வாதத்துக்கு உடன்படவில்லை என்பதையும் நாம் மறவாதிருப்போமாக.

பாரிஸ் நகரத்து மாணவன்

அடுத்து நாம் நிற்கவேண்டிய இடம் பிரான்ஸ். 1800-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவேரோன் பகுதியில், காட்டில் தனித்துத் திரிந்த, பேச்சறியாத சிறுவன் ஒருவன் பிடிபட்டான். ஏறத்தாழ பன்னிரண்டு வயதிருக்கலாம். அவ்வாண்டிலேயே அவனைப் பாரிஸில் இருந்த காதுகேளாதோர் நிலையத்துக்குக் கொண்டுவந்தனர். அக்காலத்தின் புகழ்பெற்ற மருத்துவர் பினேல் அவனை ஆராய்ந்து, இவன் பிறவியிலேயே அறிவு குன்றியவன், கற்பிப்பதால் பயனில்லை என்றார். இருபத்தாறு வயதே நிரம்பிய இத்தார் என்னும் மருத்துவர் அதற்கு உடன்படவில்லை. விக்டர் என்று அவனுக்குப் பெயரிடப்பட்டது. 1801-லும் 1806-லும் இத்தார் எழுதிய இரண்டு அறிக்கைகள், வளர்ச்சி குன்றிய குழந்தைக்குக் கற்பித்த முயற்சியை நாள்தோறும் கூர்ந்து நோக்கி எழுதிய முன்னோடி நூல்களாகப் போற்றப்படுகின்றன. விக்டருக்கு ஆட்டிசம் இருந்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதியுள்ளனர்.

அறிக்கைகளில் நமக்கு வேண்டியது விக்டரின் சீற்றம். பொருத்தும் பயிற்சிகள் எளியனவாக இருந்தவரை அவன் அமைதியாகச் செய்தான். பாடம் கடினமாகக் கடினமாக அட்டைகளை வீசியெறிந்தான், விரிப்பைக் கடித்தான், நாளடைவில் வலிப்புப் போன்ற நிலைக்கும் உள்ளானான். அவன் உயரத்தைக் கண்டு அஞ்சுபவன் என்று இத்தார் முன்னரே அறிந்திருந்தார். ஒருநாள் சீற்றம் எழுந்த வேளையில் நான்காம் மாடிச் சாளரத்தைத் திறந்து, அவன் இடுப்பைப் பற்றி, தலை கீழ்நோக்கியிருக்கச் சில நொடிகள் வெளியே பிடித்தார். உள்ளே இழுத்தபோது அவன் வெளிறி, குளிர்ந்த வியர்வையில் நனைந்திருந்தான். சிதறிய அட்டைகளை எல்லாம் எடுத்து அடுக்கினான். பின்பு படுக்கையில் விழுந்து நெடுநேரம் அழுதான். மருந்து பலித்தது என்று இத்தார் எழுதினார். இத்தார் கொடியவர் அல்லர். தம் மாணவனை உள்ளன்போடு நேசித்தவர். நேசித்தவரின் கையே அச்சாளரத்துக்கு வெளியே நீண்டது என்பதுதான் நம்மை அச்சுறுத்துகிறது.

'இது எனக்கு முடியவில்லை' என்று கூற விக்டருக்கு ஒரு வழியும் கற்பிக்கப்படவில்லை. அவனைச் சூழ்ந்து அதே நிலையத்தில் காதுகேளாத மாணவர் தம் கைகளால் சரளமாக உரையாடிக்கொண்டிருந்தனர். இத்தாரோ அவன் வாயால் பேசவேண்டும் என்பதிலேயே கருத்தூன்றினார். சைகை மொழியை அவனுக்குக் கற்பிக்க முற்படவில்லை. ஆயினும் கற்பிக்கப்படாமலே விக்டர் பேசிக்கொண்டுதான் இருந்தான். பார்க்க வந்தோர் தன்னைச் சலிப்புறச் செய்தால் அவர்தம் தொப்பியையும் கையுறையையும் கைத்தடியையும் கொண்டுவந்து கையில் கொடுத்து, வாயிலை நோக்கி மெல்லத் தள்ளினான். இதைவிடத் தெளிவாக எந்த மொழியில் விடைகொடுக்கக் கூடும்?

1806-ஆம் ஆண்டு அறிக்கையில் மற்றொரு நிகழ்ச்சி வருகிறது. விக்டருக்கு நீதியுணர்வு உண்டா என்று அறிய விரும்பிய இத்தார், ஒருநாள் அவன் பாடத்தைச் சரியாக முடித்த வேளையில், புகழ்வதற்கு மாறாகக் கடுமுகம் காட்டி, தண்டனைக்கென வைத்திருந்த இருட்டறையை நோக்கி இழுத்தார். குற்றம் செய்த நாள்களில் அடங்கிப்போன விக்டர் அன்று எதிர்த்துப் போராடினான். இயலாமற்போகவே ஆசிரியரின் கையைக் கடித்தான். அக்கடி தமக்கு அளித்த மகிழ்ச்சியை மாணவனுக்கு எடுத்துரைக்க முடியவில்லையே என்று இத்தார் வருந்துகிறார். அநீதியை உணரத்தக்கவன் ஒழுக்க உலகில் அடிவைத்த மனிதன் என்பது அவர் வாதம். சோதனை கொடியதே. எனினும் வளர்ச்சி குன்றிய ஒருவன் கடித்ததை, நோயென்றோ பேயென்றோ கொள்ளாது, பொருள் பொதிந்த மறுமொழி என்று ஒருவர் எழுதிவைத்தது வரலாற்றில் பெரிய திருப்பம். டெஸ்ஸாவ் நகரத்துச் சிறுவனுக்கு ஆன்மா இல்லை என்று கொள்ளப்பட்டது. பாரிஸில் கடித்த பல் ஆன்மா உண்டென்பதற்குச் சான்றாக ஏற்கப்பட்டது.

இத்தார் பின்னர் அம்முயற்சியைக் கைவிட்டார். விக்டரை 1828-இல் அவன் இறக்கும்வரை பேணியவர் கெரேன் அம்மையார் என்னும் பணிப்பெண். அவர் அறிக்கை எதுவும் எழுதவில்லை. ஆதலால் வரலாற்று நூல்களில் அவருக்கு ஓரிரு வரிகளே கிடைக்கின்றன.

காப்பகங்களின் காலம்

இத்தாரின் வழிவந்த செகேன் 1846-இல் வெளியிட்ட நூல், இக்குழந்தைகளுக்குக் கல்வி இயலும் என்பதை ஐரோப்பாவுக்கு உணர்த்தியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஆண்ட்ரு ரீட் என்னும் காங்கிரிகேஷனல் சபை ஆயர் இவர்களுக்கென நாடளாவிய காப்பகம் ஒன்றைத் தோற்றுவித்தார். 1855-இல் அது எர்ல்ஸ்வுட்டில் பெருங்கட்டடமாக எழுந்தது. 1858 முதல் பத்தாண்டுகள் அதன் கண்காணிப்பாளராக இருந்தவர், இன்று ஒரு குறைபாட்டின் பெயரில் அறியப்படும் லாங்டன் டவுன். ஜெர்மனியில் 1867-இல் தொடங்கப்பட்ட பெத்தேல் நிலையம் 1872 முதல் ஆயர் போடல்ஷ்விங்கின் தலைமையில் வளர்ந்தது. இவர்களின் அருட்பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தொடக்கத்தில் நோக்கம், சில ஆண்டுகள் கற்பித்து வீட்டுக்கு அனுப்புவதே. நாள் செல்லச்செல்ல அனுப்புவது குறைந்தது, சேர்ப்பது பெருகியது, பள்ளிகள் கிடங்குகள் ஆயின.

நூற்றுக்கணக்கானோர் ஒரே கூடத்தில், செய்வதற்கு ஏதுமின்றி, அழைத்தால் வருவதற்கு ஆளுமின்றி இருக்கும் இடத்தில் தலையை மோதிக்கொள்ளும் குழந்தை எவ்வாறு தோன்றாதிருக்கும்? மோதினால் ஒருவர் ஓடிவருகிறார்; மோதாவிடில் எவரும் வருவதில்லை. நியூயார்க்கின் வில்லோபுரூக் நிலையம் 4,000 பேருக்கென்று கட்டப்பட்டது. அதில் ஒருகாலத்தில் ஏறத்தாழ 6,000 பேர் இருந்தனர். 1972-இல் தொலைக்காட்சி அதன் உட்புறத்தைக் காட்டியபோது நாடே அதிர்ந்தது. 1987-இல் அது மூடப்பட்டது.

ஜெர்மனியில் நேர்ந்தது இதனினும் கொடிது. உடற்குறைபாடும் மனக்குறைபாடும் உடையோரைக் கொல்லும் திட்டத்துக்கென நாசி அரசு 1939-இல் கையகப்படுத்திய கிராஃபெனெக் மாளிகை, அதற்குமுன் புரொட்டஸ்டண்ட் சமாரியர் அறநிலையத்தின் இல்லமாக இருந்தது. 1940-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 10,654 பேர் கொல்லப்பட்டனர். ஆயர் பவுல் கெர்ஹார்ட் பிரவுன இக்கொலைகளைச் சான்றுகளுடன் விளக்கி அரசுக்கு மனு எழுதி, அதன்பின் சிறைப்பட்டார். பேராயர் வூர்ம் எதிர்ப்புக் கடிதம் விடுத்தார். எழுதாதிருந்தவர்களே மிகுதி.

உணவு, தண்டனை, மின்சாரம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் நடத்தை உளவியலார் இத்துறையில் நுழைந்தனர். ஒரு செயலைத் தொடர்ந்து கிடைப்பது இன்பமாயின் அச்செயல் வளரும், ஒன்றும் கிடைக்காவிடில் தேயும் என்பதே அவர்கள் கொள்கை. இதன் வலிமையையும் இடரையும் 1960-களின் இரண்டு முயற்சிகள் நமக்குக் காட்டுகின்றன.

முதலாவது, 1964-இல் உல்ஃப், ரிஸ்லி, மீஸ் ஆகியோர் வெளியிட்டது. ஆய்வாளர் டிக்கி என்று பெயரிட்ட மூன்றரை வயதுச் சிறுவனுக்கு ஆட்டிசம் இருந்தது. கண்புரைக்காக இரு கண்களின் வில்லைகளும் அகற்றப்பட்டிருந்தன. கண்ணாடி அணியாவிடில் பார்வை கெடும். அவனோ கண்ணாடியைத் தொடவிடவில்லை. முகத்தைக் கீறிக்கொள்ளுதலும், தலைமயிரைப் பிய்த்தலும், தலையை மோதுதலும் நாள்தோறும் நிகழ்ந்தன. இரவில் பெற்றோர் படுக்கையருகே உட்கார்ந்திருந்தாலன்றி உறங்கமாட்டான். மருத்துவமனையில் பணியாளர் அவனை அடிக்கவில்லை; சீற்றம் எழுந்தால் அவன் அறையில் தனியே விட்டு, அமைதியடைந்ததும் கதவைத் திறந்தனர். கண்ணாடிக்கு முதலில் வெறும் சட்டங்களைக் கொடுத்தனர். கையில் எடுத்தால் ஒரு துண்டு உணவு. முகத்தருகே கொண்டுவந்தால் மற்றொன்று. இவ்வாறு படிப்படியாகச் சென்றனர். முடிவில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அணிந்தான். பெற்றோரும் அருகிருந்து இம்முறையைக் கற்றனர். வீடு திரும்பிய பின்னும் சீற்றமும் உறக்கக் கேடும் மீளவில்லை. பதின்மூன்று வயதில் அவன் நன்னிலையில் இருந்ததை 1972-இல் வெளிவந்த தொடர் அறிக்கை கூறுகிறது. காலை உணவையே நிபந்தனையாக்கியது இன்று ஏற்கத்தகாதது. ஆயினும் ஒரு குழந்தையின் பார்வை காக்கப்பட்டது என்பதை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது.

இரண்டாவது, லாஸ் ஏஞ்சலீஸில் லோவாஸ் நடத்தியது. 1965-இல் அவரும் உடனாய்வாளரும் ஐந்து வயது இரட்டையர் இருவரை, மின்னதிர்ச்சி தரும் தரைமேல் நிறுத்தி, அதிர்ச்சியிலிருந்து தப்பப் பெரியவரிடம் ஓடிவரச் செய்த ஆய்வை வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே லைஃப் இதழ் அலறல்களும் அறைகளும் அன்பும் கலந்த சிகிச்சை என்று இவர்களின் பணியைப் படங்களுடன் நாடறியச் செய்தது. தன்னைத்தானே காயப்படுத்தும் நடத்தை மின்னதிர்ச்சியால் விரைவில் நின்றது. ஆயின் அதிர்ச்சி தந்த அறையிலும் தந்த மனிதரிடத்திலும் மட்டுமே நின்றது என்று 1969-ஆம் ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொண்டது. அஞ்சிய இடத்தில் அடங்கினர். அஞ்சாத இடத்தில் தொடர்ந்தனர். இத்தாரின் சாளரத்துக்கும் இத்தரைக்கும் இடையே நூற்றறுபது ஆண்டுகள் கடந்திருந்தன. கருவி மட்டுமே மாறியிருந்தது.

நடத்தை பேசும் மொழி

திருப்பம் அதே நடத்தை உளவியலின் உள்ளிருந்தே வந்தது. 1982-இல் பால்ட்டிமோரில் இவாட்டாவும் உடனாய்வாளரும், தம்மைக் காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை வெவ்வேறு சூழல்களில் வைத்து நோக்கினர்: பாடம் கொடுத்த வேளை, காயப்படுத்தினால் மட்டும் பெரியவர் கவனித்த வேளை, தனித்திருந்த வேளை, விளையாட்டு வேளை. வெளித்தோற்றத்தில் ஒரே செயல். ஆனால் ஒருவரிடம் அது பாடத்தின்போது பெருகியது, மற்றொருவரிடம் தனிமையில் பெருகியது. ஒரே செயலுக்கு ஆளுக்கொரு காரணம் என்றால் எல்லாருக்கும் ஒரே மருந்து என்பது பிழை.

1985-இல் கார், டியூராண்ட் ஆகிய இருவரும் அடுத்த அடியை எடுத்துவைத்தனர். ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட நால்வரை எடுத்துக்கொண்டு, எவர் பாடம் கடினமானபோது அடித்தும் கத்தியும் குழப்பினர், எவர் ஆசிரியரின் கவனம் குறைந்தபோது அவ்வாறு செய்தனர் என்று முதலில் கண்டறிந்தனர். முன்னவருக்குத் தமக்குப் புரியவில்லை என்று சொல்லக் கற்பித்தனர். பின்னவருக்குத் தம் வேலை நன்றாயிருக்கிறதா என்று கேட்கக் கற்பித்தனர். சொன்னவுடன் உதவியோ பாராட்டோ கிடைத்தது. குழப்பம் பெரிதும் தணிந்தது. தேவைக்குப் பொருந்தாத சொற்றொடரைக் கற்பித்தபோதோ தணியவில்லை. இவ்வாய்வின் உயிர்நிலை இப்பின்பகுதியிலேயே உள்ளது. பேசக் கற்றதனால் மட்டும் குழந்தை அடங்கிவிடவில்லை. தான் கேட்க விரும்பியதைக் கேட்கும் வழி கிடைத்ததனால் அடங்கியது. பேச இயலாத குழந்தைக்குச் சைகையோ, சுட்டிக்காட்டும் படமோ அதே பணியைச் செய்யும். விக்டருக்கு மறுக்கப்பட்டது இதுவே.

இதன்பின் வந்த முறைகள் நடத்தை எழும் முன்னரே சூழலைத் திருத்துவதில் கருத்துச் செலுத்தின. பாடத்தைச் சிறு பகுதிகளாக்குதல், அடுத்து வருவது இன்னதென்று படத்தால் முன்னறிவித்தல், பேரொலியைக் குறைத்தல், காத்திருக்கும் நேரத்தைச் சுருக்குதல் ஆகியன இவற்றுட் சில. பல் வலி, காது வலி, மலச்சிக்கல், உறக்கமின்மை இவற்றை முதலில் ஆராயவேண்டும் என்பதும் விதியாயிற்று. வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை தலையை மோதுவதில் வியப்பில்லை. 1997-இல் அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகும் குழந்தையின் நடத்தை எதன்பொருட்டு எழுகிறது என்று ஆராய்தல் சட்டத்திலேயே இடம்பெற்றது. மருந்தும் முற்றிலும் விலக்கப்படவில்லை: ஆட்டிசக் குழந்தைகளின் கடுஞ்சீற்றத்துக்கு ரிஸ்பெரிடோன் 2006-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது, உடற்பருமன் முதலிய பக்கவிளைவுகளால் அது கண்காணிப்புடனேயே தரப்படுகிறது.

பழைய வழி முற்றிலும் மறைந்துவிட்டது என்று எண்ணவேண்டா. மாசச்சூசெட்ஸ் மாநிலத்து நிறுவனம் ஒன்றில் மின்னதிர்ச்சிக் கருவி இந்நூற்றாண்டிலும் பயன்பட்டது. 2020-இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் அதைத் தடைசெய்தது. 2021-இல் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2022-இல் நாடாளுமன்றம் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டென்று சட்டம் இயற்றியது. 2024-இல் ஆணையம் தடையை மீண்டும் முன்மொழிந்தது. மற்றொரு புறத்தில், ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களான பலர், தமக்கு அளிக்கப்பட்ட நடத்தைப் பயிற்சியே தம்மைக் காயப்படுத்தியது என்று 1990-கள் முதல் எழுதியும் பேசியும் வருகின்றனர். கைகளை அசைத்தல் போன்று எவருக்கும் தீங்கற்ற பழக்கங்களையும் ஏன் அழிக்கவேண்டும் என்பது அவர்கள் வினா. குழந்தைக்குத் தீங்கு செய்யும் நடத்தைக்கும், பார்ப்போரைக் கூசச்செய்யும் நடத்தைக்கும் வேறுபாடு உண்டு. நெடுங்காலம் இரண்டும் ஒன்றாகவே எண்ணப்பட்டன; இவ்வினாவை நாம் நியாயமானதென்றே கருதுகிறோம்.

வேலூரும் நம் சபைகளும்

நம் நாட்டில் இவ்வரலாறு வேறொரு வாயில் வழியே நுழைந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் நோயாளரின் குடும்பத்தாரையும் உடன் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் குடும்பத்தில் ஒருவர் உடனிருக்கும் முறையைப் பின்பற்றியது. கட்டடமும் பணியாளரும் போதாமை இதற்கு ஒரு காரணமாய் இருந்திருக்கலாம். எனினும் மேல்நாடு பெருங்காப்பகங்களிலிருந்து மீளப் பல பத்தாண்டுகள் போராடிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே தாய் குழந்தையின் பக்கத்திலேயே இருந்தாள். வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான பணியும் அங்கே பெற்றோருக்குப் பயிற்சியளிப்பதையே அச்சாகக் கொண்டது. 57 பெற்றோரைக் கொண்டு அங்கே நடந்த ஆய்வொன்று 1999-இல் பிரிட்டிஷ் மனநல இதழில் வெளியாயிற்று. விரிவுரை மட்டும் கேட்ட பெற்றோரைவிட, குழுவாகக் கூடித் தம் அனுபவங்களை உரையாடிக் கற்ற பெற்றோரின் மனப்பான்மை மிகுதியாக மேம்பட்டது என்று அது காட்டிற்று. தம்மைப்போன்ற மற்றொரு தாயின் வாயிலிருந்து கேட்பதற்குத் தனி வலிமை உண்டு போலும்.

நம் சபைகளில் இக்குழந்தைகள் எங்கே இருக்கின்றனர்? பல ஆலயங்களில் தாய் கடைசி வரிசையில் வாயிலருகே அமர்கிறாள். குழந்தை கத்தியவுடன் பலர் திரும்பிப் பார்க்கின்றனர். சில மாதங்களில் அவள் வருவதில்லை. வராமைக்குக் காரணம் எவரும் கேட்பதுமில்லை. வேறு சில இடங்களில் இக்குழந்தையை நடுவில் நிறுத்தி, கைகால்களைப் பிடித்துக்கொண்டு, உரத்த குரலில் ஆவியை அதட்டி ஜெபிக்கின்றனர். தொடுதலையும் பேரொலியையும் பொறுக்காத குழந்தை அங்கே அலறாமல் என்செய்யும்? அலறல் பெருகப் பெருகப் பிசாசு இருப்பது உறுதியாயிற்று என்பர். மருத்துவரிடம் செல்லவேண்டிய ஆண்டுகள் இவ்வாறு கழிகின்றன; இளவயதில் தொடங்கும் பயிற்சி மிகுந்த பயன் தரும் என்பதால் அவ்விழப்பு சிறிதன்று.

இவ்வழக்கத்துக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்படுவது மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம். அப்பகுதியை வாசிக்கும் நம்மில் பலர் அதட்டலை நினைவில் வைத்திருக்கிறோம். சீடரும் வேதபாரகரும் வாதிட்டுக்கொண்டிருக்க, சிறுவன் தரையில் புரண்டுகொண்டிருக்க, இயேசு முதலில் தந்தையை நோக்கி இது எவ்வளவு காலமாக நேர்கிறது என்று கேட்டார் என்பது அவ்வளவாக நினைவிலில்லை. தந்தை குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்கி, நெருப்பிலும் நீரிலும் மகன் விழுந்ததைச் சொல்லுகிறார். சொல்லி முடிக்கும்வரை கேட்கப்படுகிறார். டெஸ்ஸாவில் கேட்கப்படாத கேள்வி இதுவே.

ஆயர் மருத்துவராக வேண்டியதில்லை. ஆயினும் வீடுகளைச் சந்திக்கும்போது ஒரு தாளை எடுத்து, சீற்றம் எழுமுன் நடந்தது என்ன, குழந்தை செய்தது என்ன, அதன்பின் பிறர் செய்தது என்ன என்னும் மூன்றையும் இரு வாரங்கள் எழுதிவைக்கும்படி பெற்றோரிடம் கேட்கலாம். ஞாயிறு வழிபாட்டையும் அதில் சேர்க்கவேண்டும்: ஆர்கன் தொடங்கியபோதா, நெடுநேரம் அசையாது நின்றபோதா, முன்பின் அறியாத பலர் கன்னத்தைத் தொட்டு ஆசீர்வதித்தபோதா என்று. ஒலிபெருக்கியின் அருகிலிருந்து இருக்கையை மாற்றினாலே தீர்ந்துவிடுவனவும் இவற்றில் இருக்கலாம். தீராதவற்றுக்கு அந்தத் தாளையே மருத்துவரிடம் கொண்டுபோகலாம். வேலூரிலோ வேறிடத்திலோ, அவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.